கழிமுகத்திலும் ஒரு முறைத் தண்ணீர்



திண்டுக்கல் சமவெளியிலே கண்மாயில் தண்ணீர் குறைந்தால் முறைவைத்துப் பாய்ச்சுவது நமக்குத் தெரிந்த சங்கதி. மீன்பிடிக்கவும் அதே மாதிரி முறை வைத்த ஊர்கள் உண்டு. அந்த வரலாற்றை இன்று பார்ப்போம்.

இடம், திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காடு. 1613-இல் டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டை கட்டிய ஊர். அங்கே இருக்கிற ஏரி, நம்ம ஏரி மாதிரி நன்னீர் அல்ல, உப்பங்கழி. ஆரணி ஆறும் காளங்கி ஆறும் கொண்டுவரும் நல்ல தண்ணீரும், முகத்துவாரம் வழியே ஓதத்தில் ஏறும் கடல்நீரும் அதிலே கலக்கின்றன.

இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் ஓதம் ஏறும்போது கழிக்குள்ளே வரும். சில மாதங்கள் மேய்ந்து வளர்ந்து, தண்ணீர் வற்றும்போது அந்த இழுப்போடு கடலுக்குத் திரும்பும். அந்த ஓட்டத்தை மறித்துக் கம்பு நட்டுக் கட்டுவதுதான் சுத்து வலை.

ஆனால் நல்ல இழுப்பு உள்ள இடங்கள் முகத்துவாரத்தை ஒட்டிச் சிலதான். எல்லாரும் அங்கேயே பாய்ந்தால் அடிதடிதானே மிஞ்சும்? ஆகவே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாகுப்பம் ஊர்க்காரர்கள் ‘பாடு’ என்ற முறையை வைத்துக்கொண்டார்கள். சீட்டுப் போட்டு, எந்தக் குழு எந்த இடத்தில் எப்போது வலை கட்டுவது என்று தீர்மானிப்பார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிலைக்காது; முறை சுற்றி வரும். இலங்கையில் நீர்கொழும்புக் கழியிலும் இப்படி ஓர் ஏற்பாடு உண்டு. அதற்கு 1958-இல் அரசே விதிகள் போட்டது.

இதில் குறையும் இல்லாமல் இல்லை. பாட்டு உரிமை பட்டினவர் சமூகத்து ஆண்களுக்குத்தான். தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் மக்களுக்கு அதிலே பங்கில்லை. ஏற்றுமதியால் இறால் விலை ஏறிய பிறகு மற்ற ஊர்க்காரர்களும் பங்கு கேட்டார்கள், தகராறு மூண்டது. முறை என்பது உள்ளே இருப்பவனுக்கு நியாயம். வெளியே நிற்பவனுக்கு அடைத்த மடை.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். ‘கடலுக்குப் போகிற தண்ணீர் வீண்’ என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஆற்றுத் தண்ணீர் சரியாக இறங்காவிட்டால் முகத்துவாரத்தை மணல் அடைக்கும். கழியில் உப்பு ஏறும். இறால் வரத்துக் குறையும். ஆற்றுக்குக் கடைமடை அந்தக் கழிமுகம்தான். நம்ம குடகனாறும் அமராவதியில் சேர்ந்து, காவிரி வழியாகக் கடலைத்தான் தேடிப் போகிறது.

தலைமடைக்காரர் அடைத்துக்கொண்டால் கடைமடைக்காரர் படும் பாடு உங்களுக்குத் தெரியாததா? அடுத்த முறை அந்தப் பேச்சு வரும்போது, வலை கட்டிக் காத்திருக்கும் அந்தக் கடைமடைக்காரரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.