காசநோயும் கிராம மருந்தகமும்: தென்னிந்திய அனுபவம் பற்றிய ஒரு குறிப்பு

காசநோயின் வரலாற்றை மருந்துகளின் வரலாறாக மாத்திரம் எழுதும் மரபொன்று உண்டு. 1882இல் ரொபேட் கொக் நோய்க்கிருமியைக் கண்டறிந்ததை அறிவித்தமை முதல் 1952இல் ஐசோனியாசிட் பயன்பாட்டுக்கு வந்தமை வரை அம்மரபு ஒரு நேர்கோட்டினை வரையும். நோயாளி எவ்வர்க்கத்தினர், எங்கு வாழ்ந்தார், எவ்வாசலில் மருந்து கேட்டு நின்றார் என்னும் வினாக்கள் அக்கோட்டுக்குப் புறத்தே நின்றுவிடுகின்றன.

இலக்கிய மாணவர்க்கு இந்நோய் புதிதன்று. ஐரோப்பியக் கற்பனாவாதம் அதனை மென்னுணர்வு படைத்தோரின் நோயாக அழகுபடுத்தியது. ஏங்கல்சோ 1845இல் வெளியிட்ட நூலில், இங்கிலாந்துத் தொழிலாளரின் நெருக்கடி மிக்க குடியிருப்போடும் கெட்ட காற்றோடும் அதனைத் தொடர்புறுத்தினார். நமது புதுமைப்பித்தன் 1948இல் இந்நோயால் மறைந்தார். ஐசோனியாசிட் வருவதற்கு நான்கு ஆண்டுகள் இருந்தன.

இந்தியாவில் 1955–58 காலப்பகுதியில் நடைபெற்ற தேசிய மாதிரி ஆய்வு, சராசரியாக நூற்றுக்கு ஏறத்தாழ 1.5 பேருக்கு நுரையீரற் காசநோய் இருப்பதாகக் கதிர்ப்படங்கள் வாயிலாகக் கண்டது. சளியிற் கிருமி உடையோர் ஆயிரத்துக்கு ஏறத்தாழ நால்வர். நகரத்துக்கும் கிராமத்துக்குமிடையே பெரும் வேறுபாடு காணப்படவில்லை. இது நகர்ப்புற நோய் என்ற நம்பிக்கை இத்துடன் தகர்ந்தது.

அவ்வாறாயின் கிராமத்து நோயாளி எங்கே இருந்தார்? பெங்களூர்த் தேசியக் காசநோய் நிறுவனத்தைச் சார்ந்த தேபபர் பானர்ஜியும் ஸ்ரிக் அண்டர்சனும் 1963இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை பகர்ந்தது. நோயுற்றோருட் பெரும்பாலார் தம் நோய்க்குறிகளை உணர்ந்திருந்தனர். பாதிக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே மருத்துவ நிலையங்களை நாடியுமிருந்தனர். அங்கு அவர்களுக்கு வாய்த்தது பெரும்பாலும் ஒரு போத்தல் இருமல் மருந்தே. 'மக்களின் அறியாமை' என்று ஆளும் வர்க்கத்தார் கூறிவந்தது உண்மையில் நிறுவனத்தின் அறியாமையாகும். நீடித்த இருமலுடன் மருந்தகத்துக்குத் தாமாக வருவோரின் சளியை நுணுக்குக்காட்டியில் நோக்கினாலே நோயாளர் பலரைக் கண்டறியலாம் என்பது தெளிவாயிற்று. 1962இல் உருப்பெற்ற தேசியக் காசநோய்த் திட்டம் இவ்வடிப்படையிலேயே பொது மருத்துவ நிலையங்களைச் சார்ந்து அமைந்தது.

1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வும் ஈண்டு மனங்கொளத்தக்கது. ஒரு சாரார் சானற்றோரியத்தில் ஓய்வும் நல்லுணவும் பெற்றனர். மறு சாரார் தம் வறிய இல்லங்களிலேயே இருந்தனர். ஓராண்டு ஒரே மருந்துகளை உட்கொண்ட இரு சாராரிடையேயும் குணமடைதலிற் பெரும் வேறுபாடில்லை என 1959இல் வெளியான முடிவுகள் காட்டின. ஏழையின் குடிசையிலும் நோயைக் குணப்படுத்தலாம் என்பது முற்போக்கான முடிவே. ஆயின் உணவும் உறையுளும் பொருட்டல்ல என அதற்குப் பொருள் கொள்வது தவறாகும். அவ்வாய்வு எழுப்பிய வினா நோய் எவ்வாறு குணமாகும் என்பதேயன்றி, அது ஏன் தோன்றுகின்றது என்பதன்று.

பின்னைய வினாவுக்கு 2023இல் வெளியான ஜார்க்கண்ட் ஆய்வு விடை தந்துள்ளது. நோயாளரின் குடும்பத்தினருக்கு உணவுப்பொருள்கள் வழங்கப்பட்டபோது அவர்களிடையே புதிதாக நோயுறுவோர் தொகை நூற்றுக்கு ஏறத்தாழ 40 வீதம் குறைந்தது.

எனவே மருந்தக வரிசையில் இருமிக்கொண்டு நிற்பவரிடம் நோய் இருக்கின்றதா என நோக்குவது மருத்துவத்தின் கடமை. அவரை அவ்வரிசைக்குக் கொணர்ந்த பசியை நோக்குவது சமூகத்தின் கடமை. முன்னையதைக் காட்டிப் பின்னையதைத் தட்டிக்கழிக்க வரலாறு இடந்தரவில்லை.