தலை எண்ணிய பின் தொடங்கும் கணக்கு: அயோவா காக்கஸில் பிரதிநிதிகள் பங்கிடப்பட்ட முறை

அமெரிக்க அதிபர் வேட்பாளரைக் கட்சிகள் இரு வழிகளில் தேர்ந்தெடுக்கின்றன. பெரும்பாலான மாநிலங்களில் வாக்குச்சீட்டு கொண்டு முதனிலைத் தேர்தல் நடைபெறுகிறது. சில மாநிலங்களில் மட்டும் கட்சி ஆதரவாளர்கள் ஊர்தோறும் நேரில் கூடி முடிவெடுக்கும் 'காக்கஸ்' கூட்டம் நடக்கிறது. 1972 முதல் 2020 வரை ஜனநாயகக் கட்சியின் நாட்காட்டியில் முதலிடம் பெற்றிருந்த அயோவா இரண்டாம் வகையைச் சேர்ந்தது. மறுநாள் நாளிதழ்கள் 'வென்றவர் இவர்' என்று எழுதும். உண்மையில் அவ்விரவில் தேர்ந்தெடுக்கப்பட்டோர் கவுண்டி மாநாட்டுக்குச் செல்லும் பிரதிநிதிகள் மட்டுமே. கவுண்டி, காங்கிரஸ் மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகக் கூடும் மாநாடுகளின் முடிவில்தான் தேசிய மாநாட்டுக்கான பிரதிநிதிகள் உறுதியாவர்.

2020இல் அயோவாவின் 99 கவுண்டிகளில் ஏறத்தாழ 1,700 வாக்குச்சாவடிப் பகுதிகளில் கூட்டம் நடந்தது. ஒவ்வொரு பகுதிக்கும் எத்தனை பிரதிநிதிகள் என்பது அன்று வந்தோரின் எண்ணிக்கையைப் பொறுத்ததன்று. முந்தைய அதிபர் தேர்தலிலும் ஆளுநர் தேர்தலிலும் அப்பகுதியில் கட்சிக்குக் கிடைத்த வாக்குகளைக் கொண்டு அது முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டிருந்தது. ஆறு பிரதிநிதிகள் கொண்ட ஒரு பகுதியில் 60 பேர் வந்தால் பத்துப் பேருக்கு ஒரு பிரதிநிதி. அதே ஆறு கொண்ட வேறொரு பகுதியில் 200 பேர் திரண்டால் 33 பேருக்கு ஒருவர். புதியவர்களைப் பெருந்திரளாக அழைத்து வரும் இயக்கத்துக்கு இவ்விதி தரும் பரிசு இதுதான்: கூட்டம் பெருகப் பெருக ஒவ்வொருவரின் மதிப்பும் குறைகிறது.

அடுத்தது தகுதி வரம்பு. கூட்டத்துக்கு வந்தோர் தாம் விரும்பும் வேட்பாளரின் அணியில் போய் நிற்பர். நான்கும் அதற்கு மேலும் பிரதிநிதிகள் கொண்ட பகுதியில், வந்தோரில் 15 விழுக்காட்டினர் இல்லாத அணிக்குத் தகுதி இல்லை. மூன்று பிரதிநிதிகள் என்றால் ஆறில் ஒரு பங்கு, இரண்டு என்றால் கால் பங்கு, ஒருவரே என்றால் பெரும்பான்மை. தகுதி பெறாத அணியினர் வேறோர் அணியில் சேரலாம், தமக்குள் இணைந்து வரம்பை எட்டலாம், அல்லது வீடு திரும்பலாம். 2020இல் முதற்சுற்றிலேயே தகுதி பெற்ற அணியினர் இடம் மாற அனுமதி இல்லை.

ஒரு கற்பனைக் கூட்டத்தைக் கொண்டு பார்ப்போம். வந்தோர் 200, பிரதிநிதிகள் ஆறு, வரம்பு 30. முதல் அணியில் 80 பேர், இரண்டாவதில் 52, மூன்றாவதில் 40, நான்காவதில் 18, ஐந்தாவதில் 10. கடைசி இரண்டும் இணைந்தாலும் 28தான்; வரம்புக்கு இருவர் குறைவு. இந்த 28 பேரும் வெறுத்து வெளியேறினால் என்ன ஆகும்? அணியின் எண்ணிக்கையைப் பிரதிநிதிகளின் எண்ணிக்கையால் பெருக்கி, வந்தோர் தொகையால் வகுக்க வேண்டும். விடை முறையே 2.4, 1.56, 1.2. அருகிலுள்ள முழு எண்ணாக்கினால் 2, 2, 1. எஞ்சும் ஓரிடம் மிகப் பெரிய விடுபட்ட பின்னத்தைக் கொண்ட முதல் அணிக்குச் சேரும். ஆக 3, 2, 1.

மாறாக, அந்த 28 பேரில் எண்மர் இரண்டாம் அணிக்கும் இருபதின்மர் மூன்றாம் அணிக்கும் சென்றால் அணிகள் 80, 60, 60 என்றாகும். பெருக்கி வகுத்தால் 2.4, 1.8, 1.8. முடிவு 2, 2, 2. இருபது பேர் முன்னணியில் நிற்கும் அணி மற்றவற்றுக்குச் சமமாகிவிட்டது. தமக்கென ஓரிடமும் பெறாத 28 பேர் முடிவையே மாற்றிவிட்டனர். இதனை அறிந்தவர்கள் சும்மா இடம் மாறுவதில்லை. 'வருகிறோம், ஆனால் உங்கள் பிரதிநிதிகளில் ஒருவர் எங்களவராக இருக்க வேண்டும்' என்று பேரம் பேசுவதும் காக்கஸின் வழக்கமே. வரம்புக்குக் கீழே தள்ளப்பட்டவர்களுக்கு இம்முறை விட்டுவைத்த ஒரே ஆயுதம் அது. பின்னங்கள் சமமானால் நாணயம் சுண்டப்படும். வேடிக்கையன்று, விதியே அப்படி.

பகுதிதோறும் கிடைத்த இந்த முழு எண்கள் 'மாநிலப் பிரதிநிதி இணைமதிப்பு' என்னும் அளவாக மாற்றப்பட்டுக் கூட்டப்பட்டன. 2020இல் அயோவாவுக்கு உரிய வாக்குறுதிப் பிரதிநிதிகள் 41 பேர். அவர்களில் 27 பேர் காங்கிரஸ் மாவட்ட அளவிலும் எஞ்சியோர் மாநில அளவிலும் பங்கிடப்பட்டனர். இரு அளவிலும் மீண்டும் 15 விழுக்காட்டு வரம்பு. முதற்சுற்றில் பெர்னி சாண்டர்ஸ் ஏறத்தாழ 6,000 பேர் முன்னிலை பெற்றார். இறுதிச் சுற்றிலும் 2,000க்கு மேல் முன்னிலை அவருடையதே. ஆயினும் இணைமதிப்பில் பீட் புட்டிஜெஜ் 0.04 விழுக்காட்டுப் புள்ளி முந்தினார். பிரதிநிதிகள் அவருக்கு 14, சாண்டர்ஸுக்கு 12. அவ்வாண்டு செயலி பழுதாகி முடிவு தாமதமானதே உலகெங்கும் பேசப்பட்டது. தலை எண்ணிக்கையைக் கட்சி முதன்முறையாக வெளியிட்டதும் அவ்வாண்டுதான் என்பது அதனினும் முக்கியமானது. அதற்கு முன் இத்தகைய இடைவெளி இருந்திருந்தாலும் வெளியே தெரிய வழியே இல்லை.

விதிகளை எழுதுவோர் யார் என்பதற்கு ஒரு பழைய சான்று உண்டு. 1964இல் மிசிசிப்பி மாநில ஜனநாயகக் கட்சியும் பகுதிக் கூட்டத்தில் தொடங்கி மாநில மாநாட்டில் முடியும் இதே படிநிலையில்தான் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தது. அக்கூட்டங்களுக்குச் சென்ற கறுப்பின மக்கள் பல இடங்களில் விலக்கப்பட்டனர். முதற்படி மூடப்பட்டதால் மேற்படிகள் அனைத்தும் வெள்ளையருக்கே உரியவையாயின. எனவே மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சி தனியாக மாநாடு கூட்டி, ஃபேனி லூ ஹேமர் உள்ளிட்ட தன் பிரதிநிதிகளை அட்லாண்டிக் சிட்டிக்கு அனுப்பியது. சமரசமாகக் கொடுக்க முன்வந்தது இரண்டே இடங்கள். அதனை அவர்கள் ஏற்கவில்லை.

இருபது ஆண்டுகளுக்குப் பின் ஜெஸ்ஸி ஜாக்சன் எதிர்கொண்டது மூடிய கதவையன்று, வகுத்தல் கணக்கை. 1984இல் முதனிலை வாக்குகளில் சுமார் 18 விழுக்காடு பெற்றும் பிரதிநிதிகளில் அவருக்குக் கிடைத்த பங்கு அதனினும் வெகு குறைவு. அப்போதைய வரம்பு 20 விழுக்காடு. அவருடைய போராட்டத்தின் விளைவாகவே வரம்பு 15ஆகக் குறைந்தது. வென்றவருக்குக் கூடுதல் இடம் தரும் ஏற்பாடும் 1988 மாநாட்டுக்குப் பின் ஒழிக்கப்பட்டது. விகிதாச்சாரப் பங்கீட்டின் பலனை 2008இல் பராக் ஒபாமா அறுவடை செய்தார். நெவாடா காக்கஸில் ஹிலாரி கிளிண்டன் முந்தியும், பிரதிநிதிகள் ஒபாமாவுக்கு 13, அவருக்கு 12.

கூட்டம் மாலை ஏழு மணிக்கு. இரவுப் பணியாளர், கைக்குழந்தையோடு இருப்பவர், முதியோரைப் பேணுபவர் எளிதில் வர இயலாது. வந்தாலும் இரகசியம் இல்லை: முதலாளியும் அண்டை வீட்டாரும் பார்க்க அணியில் நிற்க வேண்டும். ஊர்ப் பொதுவில் கைதூக்கச் சொல்வதன் பொருள் நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதன்று. அயோவாவின் குடியரசுக் கட்சியோ சீட்டில் எழுதி வாக்களிக்கிறது, தகுதி வரம்பும் வைப்பதில்லை. 2024இல் எட்டு விழுக்காட்டுக்கும் குறைவாகப் பெற்ற விவேக் ராமசாமிக்கும் அங்கே 40இல் மூன்று இடங்கள் கிடைத்தன.

வெள்ளையர் ஏறத்தாழ 90 விழுக்காடு வாழும் மாநிலம் முதலில் பேசுவது தகாது என்ற வாதம் இறுதியில் வென்றது. 2024இல் ஜனநாயகக் கட்சி தென் கரோலினாவை முன்னே நிறுத்தியது. அயோவா அஞ்சல் வாக்குக்கு மாறியது. 15 விழுக்காட்டு வரம்பு மட்டும் நீடிக்கிறது, முதனிலைத் தேர்தல் நடக்கும் மாநிலங்களிலும் அதுவே விதி. அங்கே வரம்புக்குக் கீழ் விழுந்த வாக்குக்கு இரண்டாம் சுற்று கிடையாது, பேரத்துக்கும் இடமில்லை. 2020இல் அலாஸ்கா, ஹவாய், கான்சாஸ், வயோமிங் ஆகிய நான்கு மாநிலங்கள் விருப்ப வரிசைச் சீட்டைப் பயன்படுத்தி, அவ்வாக்குகள் அடுத்த விருப்பத்துக்குச் செல்ல வழி செய்தன.