பஞ்சம் பாடிய கும்மி

வெள்ளகோவிலைச் சூழ்ந்த மண் வானத்தை நம்பி வாழ்ந்த மண். வடக்கே நொய்யலும் தெற்கே அமராவதியும் ஓடினாலும், இடைப்பட்ட மேட்டு நிலத்திற்கு மழையே கதி. கம்பு, சோளம், கொள்ளு விளைந்த புன்செய்களும், கிளுவை வேலிக்குள் காங்கேயம் மாடுகள் மேய்ந்த கொறங்காடுகளுமே இப்பகுதியின் பழைய செல்வம். விசைத்தறி ஓசைக்குப் பழகிவிட்ட நமக்கு, ஒரு மழை தவறினால் ஊரே கலங்கிய காலத்தை நினைத்துப் பார்ப்பது அரிது.

மழை பொய்க்கும் என்ற அச்சம் எழுந்தவுடன் நம் முன்னோர் செய்தது என்ன? கொங்கு நாட்டுப் பெண்கள் மழைச்சோறு எடுத்தார்கள். வீடு வீடாகச் சென்று சோறு இரந்து, பொதுவிடத்தில் கூடி உண்பார்கள். பிறகு, இனி இவ்வூரில் வாழ வழியில்லை என்று அழுது, ஊரைவிட்டுப் புறப்படுவதுபோல் நடிப்பார்கள். வேண்டுதல்தான், ஆயினும் அதில் நாடகமும் இருந்தது. நாளை மெய்யாகவே வரக்கூடிய பிச்சையையும் ஊர்ப்பெயர்ச்சியையும் இன்று விளையாட்டாக நடித்துப் பார்த்தார்கள். பல்லாங்குழியிலும் இச்சாயல் உண்டு. காய் மிகக் குறைந்துபோனவர் குழிக்கு ஒன்றாக இட்டு ஆட்டத்தைத் தொடர்வதற்குக் 'கஞ்சி காய்ச்சுதல்' என்று பெயர். ஏழ்மையையும் ஆட்டத்தின் ஒரு நிலையாகக் கண்ட மக்கள் அவர்கள்.

1876இல் அந்த அச்சம் மெய்யாயிற்று. தமிழ் ஆண்டுக் கணக்கில் அது தாது வருடம். அடுத்த ஈசுவர வருடத்திலும் துயர் தொடர்ந்தது. சென்னை மாகாணத்தில் மட்டும் ஏறத்தாழ 35 இலட்சம் பேர் மாண்டதாக மதிப்பிடுவர். மழையின்மை மட்டுமே காரணமன்று. தானியம் கப்பலேறிக் கொண்டிருந்தது. வணிகத்தில் தலையிடுவதில்லை என்று அரசு உறுதியாக நின்றது. நிவாரண வேலையில் கல்லுடைத்தவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று 1877இல் ரிச்சர்ட் டெம்பிள் வகுத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதை வன்மையாக எதிர்த்தார். கோயமுத்தூர் மாவட்டத்தில் 1871ஆம் ஆண்டுக் கணக்கில் இருந்ததைவிட 1881இல் மக்கள்தொகை ஓர் இலட்சத்துக்குமேல் குறைந்திருந்தது. வெள்ளகோவிலும் அன்று அம்மாவட்டத்தில் அடங்கியதே.

இத்துயரத்தைப் பாட மக்கள் தேர்ந்துகொண்ட வடிவம்தான் நம்மை வியக்க வைக்கிறது. ஒப்பாரி கைவசம் இருந்தது. ஆனால் அவர்கள் எடுத்தது கும்மி. வெங்கம்பூர் சாமிநாதன் பாடிய 'தாது வருடக் கரிப்புக் கும்மி' அவ்வகையில் ஒன்று. கரிப்பு என்றால் பஞ்சம். கொங்கு வரலாற்றுக்காகத் தம் வாழ்நாளைச் செலவிட்ட கல்வெட்டறிஞர் புலவர் செ. இராசு இத்தகைய பாடல்களைத் திரட்டிப் 'பஞ்சக் கும்மிகள்' எனப் பதிப்பித்தார். அவர் தேடியிராவிட்டால், அதிகாரிகளின் அறிக்கை வழியாக மட்டுமே அப்பஞ்சத்தை நாம் அறிந்திருப்போம்.

பட்டினியின் உச்சத்தில் எவரும் கும்மியடித்தார்கள் என்று நாம் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். கை தட்டவும் வலிமை வேண்டும். பிழைத்தவர்களின் பாட்டு என்றே இதைக் கொள்வது பொருத்தம். அப்படியானால், இறந்தோர் நினைவு ஆறாத ஊரில் ஆட்டப் பாட்டு தகுமா? இக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. நம் எண்ணம் இதுதான்: ஒப்பாரியில் துயரம் பாடுகிறவளின் தொண்டையில் தங்கிவிடுகிறது, கும்மியிலோ அது வட்டமாகச் சுற்றுகிறது. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர் வாங்கிப் பாடுகிறார்கள். மும்மை நடையில் செல்லும் தாளம் தவறாதிருக்க, அடுத்தவள் குனியும்போது குனிந்து, நிமிரும்போது நிமிர வேண்டும். சொல்ல நா எழாத செய்தியும் தாளத்தின் மீது ஏறி வந்துவிடுகிறது. அழுகை நிற்பதில்லை, ஆனால் மூச்சு சீராகிறது. கும்மியில் பிறந்த மகிழ்ச்சி பஞ்சத்தை மறந்த மகிழ்ச்சியன்று.

விவிலியத்தை அறிந்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது. கி.மு. 587ஐ ஒட்டி எருசலேம் வீழ்ந்தபின் எழுந்த புலம்பல் நூல், பசியால் மயங்கி விழும் குழந்தைகளைப் பற்றிப் பேசுகிறது. ஆயினும் அதன் முதல் நான்கு அதிகாரங்களும் எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளை வரிசையாகத் தொடக்கமாகக் கொண்டு கட்டப்பட்டவை. மூன்றாம் அதிகாரத்தில் எழுத்துக்கு மூன்றாக 66 வசனங்கள். குழந்தைகள் ஆடும் எழுத்து விளையாட்டு போன்ற இந்தக் கட்டுக்குள்ளேதான் அக்கவிஞர் தம் நகரத்தின் அழிவை வைத்தார். ஐந்தாம் அதிகாரத்திலும் வசனங்கள் 22தான். எழுத்து வரிசை மட்டும் இல்லை. கட்டு அங்கே ஏன் தளர்ந்தது என்பது அறிஞர்களின் விவாதப் பொருள்.

அண்மை ஆண்டுகளில் கொங்குப் பகுதியெங்கும் வள்ளி கும்மி புத்துயிர் பெற்றிருக்கிறது. பணி முடிந்த மாலைகளில் ஆசிரியரிடம் அடவு பயின்று, விழா நாளில் நூற்றுக்கணக்கானோர் ஒரே நிற உடையில் ஆடுகிறார்கள். வள்ளி, முருகன் திருமணமே அவர்களின் பாட்டு. அந்த வட்டத்தில் நிற்கும் பலரின் கொள்ளுப்பாட்டியின் தாய், தாது வருடத்தில் பிழைத்தவளாக இருந்திருப்பாள்.