அளவறிந்தால் அமிழ்து: அமுக்க அறையின் வரலாறும் அது கற்றுத்தரும் பாடமும்

நியூயோர்க் மாநகருக்குச் செல்லும் எம்மவர்கள் புரூக்லின் பாலத்தின் மீது நின்று புகைப்படம் எடுக்காமல் திரும்புவது அரிது. ஆனால் அப்பாலத்தின் இரு கற்கோபுரங்களும் நீருக்கு அடியில் எவ்வாறு ஊன்றப்பட்டன என்பதை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. 1870ஆம் ஆண்டு முதல் ஆற்றின் அடித்தளத்தில் பிரமாண்டமான மரப் பெட்டிகள் கவிழ்த்து வைக்கப்பட்டன. அவற்றினுள் நீர் புகாதிருக்க, அமுக்கப்பட்ட காற்று இடைவிடாது செலுத்தப்பட்டது. அந்த இருட்டறைகளுக்குள் இறங்கிச் சேற்றையும் பாறையையும் அகழ்ந்தவர்களிற் பெரும்பாலானோர் அயர்லாந்து, ஜேர்மனி முதலிய நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடியேறிகள். அவர்களுக்குக் கிடைத்த நாட்கூலி 2 டொலர்.

வேலை முடித்து மேலே ஏறியவர்கள் மூட்டுகளில் தாங்கொணா நோவுடன் சுருண்டு விழுந்தனர். சிலர் கால்கள் செயலிழந்து முடங்கினர். சிலர் இறந்தனர். நோய்க்குக் காரணம் எவருக்கும் விளங்கவில்லை. அதே நோய் 1872இல் தலைமைப் பொறியியலாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கையும் வீழ்த்தியது. 1883இல் பாலம் திறக்கப்படும் வரை, அவரது மனைவி எமிலியே கணவரின் கட்டளைகளை வேலைத்தலத்துக்குக் கொண்டுசென்று பணிகளை நடத்தினார்.

அந்தத் தொழிலாளர்கள் பட்ட துன்பத்திலிருந்து பிறந்ததே உயர் அமுக்க அறை. இன்று அது பெரிய மருத்துவமனைகளில் உயிர்காக்கும் கருவியாக விளங்குகிறது. அதேவேளை, கடைத்தெருக்களில் எல்லா நோய்க்கும் மருந்தென விலைகூறி விற்கப்படும் பண்டமாகவும் மாறியிருக்கிறது. எது மருத்துவம், எது வியாபாரம் எனப் பிரித்தறிய வேண்டிய தேவை புலம்பெயர்ந்த குடும்பங்களாகிய எமக்கும் உண்டு. அதற்கு இதன் வரலாறே நல்ல வழிகாட்டி.

காற்றை மருந்தாக்கும் ஆசை

ஒட்சிசன் கண்டுபிடிக்கப்படுவதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே, 1660களில், ஹென்ஷோ என்ற ஆங்கிலேய மருத்துவர், துருத்திகளால் காற்றை அமுக்கி நிரப்பும் அறையொன்றை நோயாளருக்குப் பரிந்துரைத்தார். 19ஆம் நூற்றாண்டில் பிரான்சில் அமுக்கக் காற்றுக் குளியல் பெருவழக்காயிற்று. காற்றுக் கூடுதலாயின் நன்மையும் கூடுதலாகும் என்ற ஊகமன்றி, இவற்றுக்கு வேறு ஆதாரம் இருக்கவில்லை.

1774இல் ஒட்சிசனைப் பிரித்தெடுத்த பிறீஸ்ற்லி இதில் எச்சரிக்கையாக இருந்தார். அந்த வாயுவினுள் மெழுகுதிரி வெகுவிரைவாக எரிந்து தீர்வதைக் கண்ட அவர், அதனை எந்நேரமும் சுவாசிக்கும் மனிதனின் வாழ்வும் அவ்வாறே விரைந்து தீர்ந்துவிடக் கூடுமோ என ஐயுற்றார். அந்த ஐயம் பொருளற்றதன்று என்பதைப் பிற்காலம் காட்டியது.

போல் பேர் கண்ட இரு உண்மைகள்

பிரெஞ்சு உடலியல் அறிஞர் போல் பேர் 1878இல் வெளியிட்ட பெருநூல் இத்துறையின் அடித்தளமாகும். அமுக்கத்தின் கீழ் இருக்கும்போது காற்றிலுள்ள நைதரசன் குருதியிலும் இழையங்களிலும் கரைகிறது. அமுக்கம் சட்டெனக் குறையும்போது, சோடாப் போத்தலைத் திறந்ததும் குமிழிகள் எழுவதைப் போன்று, உடலினுள்ளும் குமிழிகள் எழுகின்றன. பாலத் தொழிலாளரை முடக்கியவை இக்குமிழிகளே. ஆகவே மெதுவாக மேலேற வேண்டும் என்பது அவர் கண்ட முதல் உண்மை.

இரண்டாவது உண்மை மேலும் வியப்புக்குரியது. உயர்ந்த அமுக்கத்தில் தூய ஒட்சிசனைச் சுவாசிக்கும் உயிரினங்கள் வலிப்புக் கண்டு இறந்தன. உயிர் காக்கும் வாயுவே அளவு மீறினால் நஞ்சாகும் என்பது அன்று நிறுவப்பட்டது. அதிக ஒட்சிசன் நுரையீரலையும் புண்ணாக்கும் என 1899இல் லொறெயின் ஸ்மித் காட்டினார்.

அடுத்து வந்தது நியூயோர்க்கின் ஹட்சன் ஆற்றுச் சுரங்கம். அங்கு ஆண்டுக்கு நான்கு தொழிலாளரில் ஒருவர் என்ற வீதத்தில் சாவு நேர்ந்தது. 1889ஆம் ஆண்டளவில் பொறுப்பேற்ற ஏர்னஸ்ற் மொயர் என்ற பொறியியலாளர், வேலைத்தலத்திலேயே இரும்பாலான அமுக்க அறையொன்றை நிறுவினார். நோயுற்றவரை அதனுள் வைத்து மீண்டும் அமுக்கத்துக்கு உட்படுத்தி, பின்னர் சிறிது சிறிதாக அமுக்கத்தைக் குறைத்தார். சாவுகள் பெருமளவு குறைந்தன. 1908இல் ஹோல்டேன் வகுத்த படிமுறைக் கணக்குகள், சுழியோடிகள் எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் நின்று மேலேற வேண்டும் என்பதற்கு வழிகாட்டின. கையாள வேண்டிய அமுக்கமும் நேரமும் அன்று தொட்டுக் கணக்கில் அடங்கின.

உருக்குக் கோளத்தின் வீழ்ச்சி

எனினும் கணக்கை மதியாதோரும் இருந்தனர். 1918இன் கொள்ளைக் காய்ச்சலின்போது, அமெரிக்காவின் கன்சாஸ் நகர மருத்துவர் கன்னிங்ஹாம் நோயாளரை அமுக்கக் காற்றில் வைத்துச் சிகிச்சை அளித்தார். நாளடைவில் நீரிழிவு, புற்றுநோய் ஆகியவற்றுக்கும் அதுவே மருந்தென்றார். அவரை நம்பிய செல்வந்தர் ஒருவர் 10 இலட்சம் டொலர் வரையில் வழங்க, 1928இல் கிளீவ்லண்ட் நகரில் 64 அடி விட்டமுடைய உருக்குக் கோளம் ஒன்று மருத்துவமனையாக எழுந்தது. மாடிகளும் படுக்கை அறைகளும் கொண்ட அந்த அதிசயம் பலரையும் ஈர்த்தது.

அமெரிக்க மருத்துவச் சங்கம் ஆதாரம் கேட்டது. அவரிடம் காட்டுவதற்கு எதுவும் இருக்கவில்லை. 1930களில் மருத்துவமனை மூடப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்த உருக்குக் கோளம் உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாயிற்று. அமுக்க அறை மருத்துவத்தின் மீது மருத்துவ உலகம் நெடுங்காலம் ஐயம் கொள்வதற்கு இக்கதையும் ஒரு காரணம்.

குருதியின்றி உயிர்

அந்த ஐயத்தைப் போக்கியவர் நெதர்லாந்தின் சத்திரசிகிச்சை நிபுணர் பூரேமா. 1960இல் அம்ஸ்ரர்டாமில் அவர் நடத்திய ஆய்வில், பன்றிகளின் குருதியிலிருந்து செங்குருதிக் கலங்கள் ஏறக்குறைய முழுவதும் அகற்றப்பட்டன. ஆயினும் 3 வளிமண்டல அமுக்கத்தில் ஒட்சிசனைச் சுவாசித்த அவ்விலங்குகள் உயிர் பிழைத்தன.

இதன் விளக்கம் எளியது. வழமையாக ஒட்சிசனைச் சுமப்பவை செங்குருதிக் கலங்களே. அவற்றைச் சூழ்ந்துள்ள நீர்ப்பகுதியில், 100 மில்லிலீற்றர் குருதிக்கு 0.3 மில்லிலீற்றர் அளவு ஒட்சிசன் மட்டுமே கரைந்திருக்கும். 3 வளிமண்டல அமுக்கத்தில் தூய ஒட்சிசனைச் சுவாசித்தால் அது ஏறத்தாழ 6 மில்லிலீற்றராக உயரும். ஓய்விலிருக்கும் உடலின் தேவைக்கு அதுவே போதுமானது. 1961இல் பூரேமாவின் குழுவைச் சேர்ந்த புறுமெல்கம்ப், ஒட்சிசன் இல்லாத இடத்தில் பெருகும் கிருமிகளால் உண்டாகும் வாயு அழுகல் நோய்க்கு இச்சிகிச்சை உதவுவதைக் காட்டினார்.

பின்வந்த ஆண்டுகளில் பயன்களின் பட்டியல் வரையறுக்கப்பட்டது. சுழியோடிகளின் குமிழி நோய், குருதிக் குழாயில் காற்று அடைத்தல், கடுமையான காபனோரொட்சைட்டு நஞ்சு, கதிர்ச் சிகிச்சையாற் சிதைந்த இழையங்கள், நீரிழிவுக் காற்புண்ணின் சில வகைகள் முதலியன அதில் அடங்கும். எம்மவரிடையே நீரிழிவு மிகுதி என்பதால் ஒன்றை இங்கு வலியுறுத்த வேண்டும். காற்புண்ணுக்கு அமுக்க அறை துணைச் சிகிச்சை மட்டுமே. புண்ணைத் துப்புரவாக்குதல், காலில் பாரம் ஏறாது காத்தல், குருதியோட்டத்தைச் சோதித்தல், சீனியின் அளவைக் கட்டுப்படுத்துதல் ஆகியவை இன்றி அது பயன் தராது.

கரியடுப்பும் குளிர்காலமும்

காபனோரொட்சைட்டின் கதை புலம்பெயர்ந்தோருக்கு மிக நெருக்கமானது. நிறமும் மணமும் அற்ற இந்த வாயு, ஒட்சிசன் அமர வேண்டிய இடத்தில் தானே அமர்ந்து மனிதரைக் கொல்வது. அமுக்கத்தில் ஒட்சிசன் அளித்தால் இந்நஞ்சிலிருந்து எலிகள் தப்பும் என ஹோல்டேன் 1895இலேயே காட்டியிருந்தார். 1960இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த மருத்துவர்கள் மனிதருக்கு அதனைப் பயன்படுத்தினர். சாதாரண காற்றில், குருதியிலுள்ள நஞ்சு பாதியாகக் குறைவதற்கு நான்கைந்து மணித்தியாலங்கள் செல்லும். முகமூடி மூலம் தூய ஒட்சிசன் அளித்தால் ஒன்றரை மணித்தியாலமளவில் பாதியாகும். 3 வளிமண்டல அமுக்கத்தில் 23 நிமிடங்களே போதும். 2002இல் அமெரிக்காவில் 152 நோயாளரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், ஆறு வாரங்களின் பின் நினைவாற்றல், சிந்தனை ஆகியவற்றில் பாதிப்புற்றோர் அமுக்க அறைச் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 25 பேர். பெறாதவர்களில் நூற்றுக்கு 46 பேர். வேறு சில ஆய்வுகள் இத்தகைய பயனைக் காட்டவில்லை. ஆகையால் எவருக்கு இது தேவை என்பதை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.

1993 ஜனவரியிலும் 2006 டிசம்பரிலும் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் புயல்கள் மின்சாரத்தைத் துண்டித்தன. குளிர் தாங்காது வீட்டினுள் கரியடுப்பு மூட்டியோரும், மின்பிறப்பாக்கியை உள்ளே இயக்கியோரும் இந்நஞ்சுக்கு ஆளாகினர். அவர்களிற் பலர் ஆங்கிலம் அறியாத குடியேறிகள். 2006இல் சியாற்றில் நகரின் முன்னணி நாளிதழ் தன் முதற்பக்கத்திலேயே பல மொழிகளில் எச்சரிக்கை வெளியிட்டது. கரிப் பொதிகளில் எழுத்தறியாதோரும் புரிந்துகொள்ளத்தக்க எச்சரிக்கைப் படம் இடம்பெற வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 1996இல் வந்தது. 2013 டிசம்பரில் ரொறன்ரோவைப் பனிமழைப் புயல் தாக்கியபோதும் இதே எச்சரிக்கை விடுக்கப்பட்டது.

வீட்டில் உள்ள அனைவருக்கும் ஒரே நேரத்தில் தலையிடி, தலைச்சுற்று, வாந்தி ஏற்படின் அதனைத் தடிமன் காய்ச்சல் எனக் கருதி உறங்கிவிடலாகாது. உடனே வெளியேறி அவசர உதவியை அழைக்க வேண்டும். காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி ஒவ்வொரு வீட்டிலும் இருத்தல் வேண்டும். அமுக்க அறையை நாட வேண்டிய நிலை வராமற் காப்பதே முதற் சிகிச்சை.

தீ தந்த பாடம்

ஒட்சிசன் தானாக எரிவதில்லை; ஆயினும் எரிபவற்றை வெறிகொண்டு எரியச் செய்யும். 1923 முதல் 1996 வரை ஆசியா, ஐரோப்பா, வட அமெரிக்கா ஆகிய கண்டங்களில் அமுக்க அறைகளில் நேர்ந்த 35 தீவிபத்துகளில் 77 பேர் இறந்தனர். 1980க்கு முன் மின்சாரக் கோளாறுகளே முதன்மைக் காரணம். அதன் பின்னரோ, உள்ளே சென்றவர் தம்முடன் கொண்டுசென்ற பொருளே உயிரைப் பறித்தது. 1997 ஒக்ரோபர் 31இல் இத்தாலியின் மிலான் நகர மருத்துவமனை ஒன்றில் 11 பேர் கருகி மாண்டனர். நோயாளர் ஒருவர் குளிருக்காக வைத்திருந்த கைச்சூடாக்கியே அதன் தோற்றுவாய். தீயணைக்கும் தொகுதியில் நீர் இருக்கவில்லை என்பது பின்னர் வெளியாயிற்று.

இதனாற்றான் நல்ல மருத்துவமனைகளில், அறையினுள் செல்வோர் மருத்துவமனை தரும் பருத்தி உடையை மட்டுமே அணிய வேண்டும். கைத்தொலைபேசி, மணிக்கூடு, காதுக்கருவி, தீப்பெட்டி எதற்கும் இடமில்லை. எம்மவர் குறிப்பாகக் கவனிக்க வேண்டியவை தலைக்கு வைக்கும் எண்ணெய், முகப்பூச்சு, வாசனைத் திரவியம், நைலோன் சேலை ஆகியவையாகும். பிள்ளை உள்ளே இருக்கும்போது கையில் விளையாட்டுப் பொருள் கொடுப்பதும் ஆகாது. இவற்றைக் கண்டிப்புடன் சோதிக்கும் தாதியைக் கடிந்துகொள்ளாது நன்றியுடன் நோக்க வேண்டும்.

தீயைத் தவிர வேறு இடர்களும் உண்டு. காது அடைத்தல் பொதுவானது. விழுங்கியும் கொட்டாவி விட்டும் அதனைச் சரிசெய்யலாம். பார்வை சில வாரங்களுக்கு மாறக்கூடும். நீரிழிவுள்ளோருக்குச் சீனியின் அளவு இறங்கலாம். வலிப்பு மிக அரிது. நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிந்துள்ளவருக்கு, அதனைச் சீராக்குமுன் இச்சிகிச்சை அளித்தல் உயிராபத்தாகும்.

பெற்றோரின் நம்பிக்கை

மூளை முடக்குவாதமுற்ற பிள்ளைகளை அமுக்க அறை குணமாக்கும் என்ற நம்பிக்கை பரவியபோது, கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 111 பிள்ளைகளிடம் ஆய்வு நடத்தப்பட்டு 2001இல் முடிவு வெளியாயிற்று. ஒரு பகுதியினருக்கு 1.75 வளிமண்டல அமுக்கத்தில் ஒட்சிசனும், மற்றையோருக்கு மிகச் சிறிதளவே அமுக்கப்பட்ட சாதாரண காற்றும் 40 அமர்வுகளில் அளிக்கப்பட்டன. இரு பகுதியினரும் ஒரே அளவு முன்னேறினர். முன்னேற்றம் உண்மையே. ஆனால் அது ஒட்சிசனால் வந்தது என்பதற்குச் சான்றில்லை. பிள்ளையோடு நாள்தோறும் கூடியிருந்து ஊக்கமளித்த பெற்றோரின் அன்புக்கும் அதில் பங்கிருந்திருக்கலாம்.

2025 ஜனவரி 31இல் மிச்சிகன் மாநிலத்தின் ட்ரோய் நகரிலிருந்த தனியார் நிலையமொன்றில் அமுக்க அறை தீப்பற்றி ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். அச்சிறுவன் அங்கு கொண்டுவரப்பட்டது கவனக்குறைவுக் கோளாறு, உறக்கத்தின்போது மூச்சுத் தடைப்படுதல் ஆகியவற்றுக்காக. இவ்விரண்டும் ஏற்கப்பட்ட பட்டியலில் இல்லாதவை. பெற்ற பிள்ளைக்காக எதையும் விற்றுச் செலவழிக்கத் துணியும் தாய் தந்தையரை நாம் நன்கறிவோம். அவர்களது கண்ணீர் வியாபாரமாவதே கொடுமை.

எனவே இச்சிகிச்சையை எவரேனும் பரிந்துரைத்தால் மூன்று கேள்விகளைக் கேட்போம். இந்த நோய் ஏற்கப்பட்ட பட்டியலில் உள்ளதா? எவ்வளவு அமுக்கம், எத்தனை நிமிடம், எத்தனை அமர்வுகள், பயனை எப்போது, எவ்வாறு அளப்பீர்கள்? அறையின் அருகே பயிற்சி பெற்றவர் சிகிச்சை முடியும்வரை இருப்பாரா, தீயிலிருந்து காக்க என்ன ஏற்பாடு? மொழி தடையாயின், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் எனத் தயங்காது கேட்போம்.

அளவுக்கு மிஞ்சினால் அமிழ்தும் நஞ்சு என்றனர் எம் முன்னோர். ஆற்றின் அடியில் 2 டொலர் கூலிக்கு உடல் முடங்கிய குடியேறிகள் அந்த அளவைத் தம் உயிரால் எமக்கு உணர்த்திச் சென்றனர். அவர்கள் தந்த அறிவைக் கேட்டறிந்து பயன்கொள்வதே நாம் அவர்களுக்குச் செலுத்தும் நன்றி.