எழுத்தறிவுப் பாடமும் பெண்களின் சொல்லும்: நெல்லூர்ச் சாராய எதிர்ப்பியக்கத்தின் மொழி வரலாறு

1. முன்னுரை

பெண்கள் மீதான வன்முறையைத் தடுப்பதில் சட்டத்தின் பங்கு விரிவாக ஆராயப்பட்டுள்ளது. கல்வியின் பங்கும் அவ்வாறே வலியுறுத்தப்பட்டு வருகிறது. ஆயின் அக்கல்வி எத்தகைய சொற்களால் நிகழ வேண்டும் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. ஆந்திரப் பிரதேசத்தின் நெல்லூர் மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் நடைபெற்ற எழுத்தறிவு இயக்கம் இவ்வினாவை ஆராய்தற்கு ஏற்ற சான்றாக அமைகிறது. அவ்வியக்கத்தின் வரலாற்றைச் சொற்களின் வழி நோக்குவதும், பாடநூலாக்கத்திற்கும் மொழிபெயர்ப்பிற்கும் அதனால் பெறப்படுவனவற்றைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

2. எழுத்தறிவு இயக்கம்

தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. கேரளத்தின் எர்ணாகுளம் 1990இல் முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டமாக அறிவிக்கப்பட்டதைத் தொடர்ந்து, அம்முயற்சி பிற மாநிலங்களிலும் பரவியது. தமிழ்நாட்டில் அறிவொளி இயக்கம் என்றும் நெல்லூரில் அட்சர தீபம் என்றும் அது பெயர்பெற்றது. கற்போரின் வாழ்க்கைச் சிக்கல்களிலிருந்தே எழுத்துக் கற்பித்தல் தொடங்க வேண்டும் என்னும் பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ பிரெய்ரேயின் கருத்து அக்காலத்தில் முதியோர் கல்வித் துறையில் பரவலாக அறியப்பட்டிருந்தது.

நெல்லூர்ச் சிற்றூர்களில் உழைக்கும் பெண்களின் முதன்மைச் சிக்கல்களுள் ஒன்று சாராயம். 1980களில் மாநில அரசு சாராயத்தை உறைகளில் அடைத்து விற்க வகைசெய்தது. தமிழ் வழக்கில் பாக்கெட் சாராயம் எனப்படும் அப்பொருளுக்கான அரசுத் திட்டம் ‘வாருணி வாகினி’ என்னும் வடமொழிப் பெயரைப் பெற்றிருந்தது. மக்கள் வழக்கிலோ அது ‘சாரா’ என்றே வழங்கியது. ஒரே பொருளை அரசு ஒரு சொல்லாலும் மக்கள் மற்றொரு சொல்லாலும் குறித்தமை கருதத்தக்கது. கணவன் கூலியைக் குடித்தழிப்பதும் வீடு திரும்பி மனைவியை அடிப்பதும் ‘சாரா’ என்னும் சொல்லைச் சூழ்ந்து நின்ற பொருள்கள். ‘வாருணி வாகினி’யில் அவற்றுக்கு இடமில்லை.

3. பாடமும் செயலும்

நெல்லூர்ப் பாடநூலில் இடம்பெற்ற சீதம்மாவின் கதை, கணவனின் குடியால் துன்புற்ற பெண்ணொருத்தியைப் பற்றியது. அது வகுப்புகளில் படிக்கப்பட்டு விவாதிக்கப்பட்டது. தூபகுண்ட என்னும் ஊரின் பெண்கள் தங்கள் ஊரில் சாராய விற்பனையைத் தடுத்து நிறுத்தினர். அவர்களுள் ஒருவரான ரோசம்மா பின்னர் இயக்கத்தின் அடையாளமாகவே அறியப்பட்டார். தூபகுண்ட நிகழ்ச்சி அடுத்த நிலைப் பாடநூலில் ‘ஆடவாள்ளு ஏகமைதே’, அதாவது ‘பெண்கள் ஒன்றுபட்டால்’, என்னும் தலைப்பில் பாடமாக்கப்பட்டது. அதனைப் படித்த பிற ஊர்ப் பெண்களும் சாராயக் கடைகளை மூடச் செய்தனர். சாராய வண்டிகளை மறித்தனர். 1992இல் சாராய ஏலம் நடைபெறாதவாறு தடுத்தனர். இப்பாடங்கள் சாராய வணிகர்களின் எதிர்ப்புக்கும் ஆளாயின.

ஈண்டு பாடத்திற்கும் செயலுக்கும் இடையிலான உறவு இருவழிப்பட்டது. பாடம் விவாதத்தைத் தூண்டியது; விவாதம் செயலாயிற்று; செயல் மீண்டும் பாடமாயிற்று. பாடநூல் என்பது வல்லுநர் எழுத, கற்போர் ஏற்றுக்கொள்வது என்னும் வழக்கமான நிலை இங்கு மாறுகிறது. கற்போரின் செய்கையே பாடத்தின் பொருளாகிவிடுகிறது.

பாடத்தின் வடிவமும் கவனத்திற்குரியது. அது கதை. கதையில் எழுவாய் உண்டு, வினைமுற்று உண்டு. குடித்தவன் யார், அடித்தவன் யார், அடிபட்டவள் யார் என்பவை சொல்லப்பட்டாக வேண்டும். ‘பெண்கள் மீதான வன்முறை’ என்னும் பெயர்த்தொடரில் செயப்படுபொருள் நிற்கிறது, எழுவாய் மறைகிறது. தொடர் இலக்கண வகையில் குறையற்றதாயினும், செய்தவனைச் சுட்டாமலே பேச்சை முடித்துவிட இடந்தருகிறது. தமிழ்ப் பேச்சுவழக்கின் ‘கைநீட்டிவிட்டான்’ என்பதோ எழுவாயை வைத்துக்கொண்டு செயலின் கடுமையைக் குறைக்கிறது. அடித்தல் என்பதை அடித்தல் என்றே கூறும் கதை இவ்விரு மறைப்புகளுக்கும் இடந்தருவதில்லை.

4. இயக்கத்தின் பெயர்மாற்றம்

1993 ஏப்ரலில் நெல்லூர் மாவட்டத்திலும், அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் மாநிலம் முழுவதிலும் சாராயம் தடைசெய்யப்பட்டது. 1994 இறுதியில் நடந்த தேர்தலுக்குப்பின் ஆட்சிக்கு வந்த என். டி. ராமராவ் அரசு 1995 ஜனவரியில் முழு மதுவிலக்கை நடைமுறைப்படுத்தியது. 1997இல் அது தளர்த்தப்பட்டது.

இக்காலப்பகுதியில் பெயரும் மாறியது. தொடக்கத்தில் வழங்கியது ‘சாரா வ்யதிரேக உத்யமம்’, அதாவது சாராய எதிர்ப்பியக்கம். அரசியல் மேடைக்கு வந்தபின் ‘மத்யபான நிஷேதம்’, அதாவது மதுவிலக்கு, என்பது முன்னிலை பெற்றது. எதிர்ப்பு என்னும் செயலுக்குப் பெண்கள் எழுவாய்; விலக்கு என்னும் செயலுக்கு அரசு எழுவாய். முதற்பெயர் கூலியையும் அடியையும் நினைவூட்டியது. இரண்டாவது, வருவாயையும் சட்டம் ஒழுங்கையும் பற்றிய விவாதத்தைக் கொணர்ந்தது. எனவே 1997இல் மதுவிலக்கு தளர்ந்தபோது இயக்கமும் தோற்றதாகக் கருதுதல் எளிதாயிற்று. பெண்கள் எழுப்பிய வினா மதுவிலக்கு என்னும் சொல்லுக்குள் அடங்காதது என்பது அக்கணிப்பில் விடுபட்டது.

5. சட்டச் சொற்களும் மொழிபெயர்ப்பும்

1983இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 498அ பிரிவு சேர்க்கப்பட்டது. அப்பிரிவின் விளக்கம் இருபகுதிகளை உடையது. மனைவியைத் தற்கொலைக்கோ கடுங்காயத்துக்கோ உள்ளாக்கத்தக்க நடத்தை முதற்பகுதி. பொருள் கேட்டுத் துன்புறுத்தல் இரண்டாம் பகுதி. தமிழ் மக்கள் வழக்கில் இப்பிரிவு ‘வரதட்சணைக் கொடுமை’ என்றே பெயர்பெற்றது. வரதட்சணை கேளாமல் மனைவியை வதைப்பவனும் அப்பிரிவுக்கு உட்பட்டவனே என்பதை அப்பெயர் மறைத்துவிட்டது. இவ்விதிகள் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86ஆம் பிரிவுகளாக நடைமுறையில் உள்ளன.

2005ஆம் ஆண்டுச் சட்டம் 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. உடல், பாலியல், சொல் மற்றும் உணர்வு சார்ந்த கொடுமைகளோடு பொருளாதாரக் கொடுமையையும் அது வரையறுத்தது. கூலி வீடு வந்து சேராமை குறித்து நெல்லூர்ப் பெண்கள் 1992இல் முறையிட்டதற்கும் இவ்வரையறைக்கும் உள்ள நெருக்கம் வெளிப்படை. சட்டம் அதற்கொரு கலைச்சொல்லைத் தருதற்கு முன்னரே அனுபவம் தன் சொற்களில் பேசப்பட்டிருந்தது.

இச்சட்டத்தின் மையச் சொல்லுக்கு இந்திய மொழிகள் தந்துள்ள வடிவங்கள் ஒப்பிடத்தக்கன. இந்தி ‘கரேலூ ஹிம்சா’, தெலுங்கு ‘க்ருஹ ஹிம்ச’, மலையாளம் ‘கார்ஹிக பீடனம்’ ஆகியவை வீட்டை அடியாகக் கொண்டவை. தமிழில் ‘குடும்ப வன்முறை’, கன்னடத்தில் ‘கௌடும்பிக தௌர்ஜன்ய’ ஆகியவை குடும்பத்தை அடியாகக் கொண்டவை. மணவுறவின் தன்மையுடைய உறவில் ஒரே வீட்டில் வாழும் பெண்ணுக்கும் இச்சட்டம் பாதுகாப்பளிக்கிறது. ‘குடும்பம்’ என்னும் சொல் அத்தகையவளை உள்ளடக்குமா என்பது ஐயத்திற்குரியது. மேலும், ‘வன்முறை’ என்றவுடன் உடற்காயமே நினைவுக்கு வருதலின், பணமறுப்பும் இழிசொல்லும் அச்சொல்லின் எல்லைக்கு வெளியே நின்றுவிடக்கூடும். கலைச்சொல்லை மாற்றுவது இதற்குத் தீர்வன்று; பரவலாக நிலைபெற்ற சொல்லை மாற்றின் குழப்பமே மிகும். கலைச்சொல்லை அடுத்து வினைச்சொற்களால் விளக்கந் தருதலே ஏற்ற வழி. ‘சம்பளத்தைப் பறித்தல், வீட்டுச் செலவுக்குப் பணம் தராமை, வீட்டை விட்டுத் துரத்துதல்’ என்றாற்போல் விரித்துரைக்கும்போது, கேட்பவள் தன் நிலையை அடையாளங் காண்பாள்.

6. முடிவுரை

2022இல் தொடங்கப்பட்ட புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம், எழுத்தோடு சட்ட அறிவையும் வாழ்க்கைத் திறன்களுள் ஒன்றாகக் கொண்டுள்ளது. வயதுவந்தோர்க்கான பாடங்கள் மீண்டும் எழுதப்படும் இந்நிலையில் நெல்லூர் அனுபவம் மூன்று கருத்துகளைத் தருகிறது. முதலாவது, வன்முறை பற்றிய பாடம் கற்போரின் வினைச்சொற்களிலிருந்து தொடங்கிக் கலைச்சொல்லுக்குச் செல்ல வேண்டும். இரண்டாவது, கற்போரின் சொல்லும் செயலும் அடுத்த பாடத்தில் இடம்பெற வழி இருத்தல் வேண்டும். மூன்றாவது, மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு தொடரிலும் எழுவாய் எங்குள்ளது என்பதை நோக்குதல் வேண்டும். செய்தவனை மறைக்கும் தொடரால் கற்பிக்கப்படும் பெண், தனக்கு நேர்ந்ததை அறிவாள். யாரிடமிருந்து காப்புக் கேட்பது என்பதை அறியாள்.