பழம்புட்டி தோண்டுதலும் சேகரிப்பும்

பழைய கண்ணாடிப் புட்டிகளையும் சுடுமண் குப்பிகளையும் மண்ணிலிருந்து தோண்டி எடுத்து, கழுவி, வகைப்படுத்திச் சேர்த்து வைப்பது பழம்புட்டி சேகரிப்பு எனப்படும். இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் இது பரவலான பொழுதுபோக்காக உள்ளது. அஞ்சல்தலையோ நாணயமோ சேர்ப்பவர்கள் பெரும்பாலும் விலை கொடுத்து வாங்குகிறார்கள். புட்டி சேர்ப்பவர்களில் பலர் மண்வெட்டியோடு பழைய குப்பைமேட்டைத் தேடிப் போகிறார்கள். அவர்கள் தேடுவது அரசர்களின் பொருள்களை அல்ல. சாதாரணக் குடும்பங்கள் குடித்துவிட்டும் பூசிவிட்டும் எறிந்தவற்றையே.

தோற்றம்

அமெரிக்காவில் இந்தப் பொழுதுபோக்கு 1950களின் இறுதியில் அமைப்பு வடிவம் பெற்றது. 1959இல் கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ நகரில் பழம்புட்டி சேகரிப்பாளர் சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது. 1969இல் நாடு தழுவிய கூட்டமைப்பு உருவானது. நியூயார்க் மாநிலத்தில் பால்ஸ்டன் ஸ்பா என்னும் ஊரில் புட்டிகளுக்கென்றே தேசிய அருங்காட்சியகம் ஒன்று இயங்குகிறது.

எங்கே தோண்டுகிறார்கள்

இங்கிலாந்தில் விக்டோரியா காலக் குப்பைமேடுகளே முக்கியமான இடங்கள். அக்காலத்தில் வீட்டுக் குப்பையில் பெரும்பங்கு நிலக்கரிச் சாம்பல். தொடக்கத்தில் இந்தச் சாம்பலுக்குச் செங்கல் சூளைக்காரர்களிடம் நல்ல விலை இருந்தது. 1875ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தபின் குப்பை அகற்றும் பணி உள்ளாட்சிகளின் பொறுப்பாக வளர்ந்தது. ஊருக்கு வெளியே பள்ளங்களிலும் கைவிடப்பட்ட கல்குவாரிகளிலும் குப்பை கொட்டப்பட்டது. மென்மையான சாம்பல் சுற்றிலும் படிந்ததால் கண்ணாடிப் புட்டிகள் உடையாமல் நூறாண்டு கடந்தும் கிடைக்கின்றன.

அமெரிக்க நகரங்களில் வீட்டின் பின்புறம் இருந்த மலக்குழிகளே புதையலிடங்கள். செங்கல்லோ மரமோ பதித்துக் கட்டிய இக்குழிகளில் வீட்டார் காலிப் புட்டிகளையும் எறிந்தார்கள். பாதாளச் சாக்கடை வந்தபிறகு குழிகளைக் குப்பையால் நிரப்பி மூடினார்கள். இன்று தோண்டுபவர்கள் பழைய தீக்காப்பீட்டு வரைபடங்களைப் பார்த்து வீட்டின் எல்லையைக் கணிக்கிறார்கள். நீண்ட இரும்புக் கம்பியை மண்ணில் செருகி, இளகிய மண் எங்கே இருக்கிறது என்று அறிகிறார்கள்.

புட்டியின் வயதை அறிதல்

புட்டியில் ஆண்டு பொறிக்கப்படாவிட்டாலும் அதன் உடலே வயதைச் சொல்லும். மாணவர்கள் கவனிக்க வேண்டிய அடையாளங்கள் நான்கு.

முதலாவது, அடிப்பாகம். ஊதிச் செய்த புட்டியை வாய்ப்பகுதி முடிக்கும்வரை பிடித்துக்கொள்ள, அதன் அடியில் ஓர் இரும்புக் கம்பியை ஒட்டுவார்கள். பின்னர் அதைத் தட்டி எடுக்கும்போது சொரசொரப்பான வடு நிற்கும். 1860களுக்குப் பின் இந்த வடு சாதாரணப் புட்டிகளில் பெரும்பாலும் மறைந்துவிட்டது.

இரண்டாவது, அச்சுக்கோடு. அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் புட்டியின் பக்கவாட்டில் மெல்லிய கோடு விழும். அது கழுத்தோடு நின்றுவிட்டால் வாய்ப்பகுதியைக் கையால் செய்திருக்கிறார்கள் என்று பொருள். உதடுவரை ஏறினால் பெரும்பாலும் இயந்திரப் புட்டி. அமெரிக்காவின் டொலிடோ நகரில் மைக்கேல் ஓவன்ஸ் 1903இல் முழுதும் தானாக இயங்கும் புட்டி இயந்திரத்தை வெற்றிகரமாக இயக்கினார்.

மூன்றாவது, நிறம். மணலில் உள்ள இரும்பு கண்ணாடிக்குப் பச்சைச் சாயல் தரும். அதைப் போக்க மாங்கனீசு சேர்த்தார்கள். அப்படிச் செய்த கண்ணாடி நெடுங்காலம் வெயிலில் கிடந்தால் ஊதா நிறமாகும். இத்தகைய புட்டிகள் பெரும்பாலும் முதல் உலகப் போர்க் காலத்துக்கும் அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கும் உரியவை.

நான்காவது, எழுத்து. காலிப் புட்டி தொழிற்சாலையின் சொத்து, திரும்ப வரவேண்டியது. ஆகவே நிறுவனத்தின் பெயரையும் ஊரையும் கண்ணாடியிலேயே புடைப்பாக வார்த்தார்கள். வேறெங்கும் பதிவாகாத சிற்றூர்ச் சோடாக் கம்பெனிகளின் பெயர்கள் இப்படித்தான் எஞ்சியிருக்கின்றன.

நமக்குத் தெரிந்த ஒரு புட்டி

சேகரிப்பாளர்கள் மிகவும் விரும்பும் வகைகளுள் ஒன்று தமிழ்நாட்டாருக்கு நன்கு அறிமுகமானது: கோலிசோடாப் புட்டி. காற்றடைத்த நீரை அடைத்து வைப்பது தொடக்கத்தில் பெரும் சிக்கலாக இருந்தது. தக்கை உலர்ந்து சுருங்கினால் வாயு வெளியேறிவிடும். ஆகவே புட்டியை நிமிர்த்தி வைக்கவே முடியாதபடி அடிப்பகுதி கூம்பிய முட்டை வடிவப் புட்டிகள் வந்தன. படுத்தே கிடப்பதால் தக்கை எப்போதும் நனைந்திருக்கும்.

தக்கையே வேண்டாம் என்ற தீர்வைக் கண்டவர் இலண்டனைச் சேர்ந்த ஹிராம் காட். கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் கோலியும் வாயில் ஒரு ரப்பர் வளையமும் கொண்ட புட்டிக்கு 1872இல் காப்புரிமை பெற்றார். புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து நிரப்புவார்கள். உள்ளே உள்ள வாயுவின் அழுத்தமே கோலியை வளையத்தோடு இறுக்கி மூடிவிடும். ஊற்றும்போது கோலி மறுபடி வாயை அடைக்காமலிருக்க கழுத்தில் குழிவுகள் உண்டு.

இங்கிலாந்தில் சிறுவர்கள் கோலிக்காகவே இப்புட்டிகளை உடைத்தார்கள். குப்பைமேடுகளில் கழுத்து உடைந்த சோடாப் புட்டிகள் ஏராளமாகக் கிடைப்பதற்கு இது ஒரு காரணம். அமெரிக்காவில் வில்லியம் பெயின்டர் 1892இல் காப்புரிமை பெற்ற தகர மூடி பரவியபின் கோலிப் புட்டி மேலைநாடுகளில் வழக்கொழிந்தது. ஜப்பானின் ராமுனே பானத்திலும் இந்தியாவின் கோலிசோடாவிலும் அது உயிரோடு இருக்கிறது. தடித்த மூக்குக்கண்ணாடியைச் ‘சோடாபுட்டி’ என்று கேலி செய்யும் நம் வழக்கும் இதன் தடித்த கண்ணாடியிலிருந்து வந்ததே.

மருந்தும் நஞ்சும் பாலும்

குப்பைமேட்டில் மிகுதியாகக் கிடைப்பவற்றுள் மருந்துப் புட்டிகளும் அடங்கும். அவற்றைப் பார்க்கும்போது அழகை மட்டும் பார்க்க முடியாது.

நஞ்சுப் புட்டிகள் பெரும்பாலும் அடர்நீல நிறத்திலோ பச்சையிலோ, அறுகோண வடிவில், பக்கங்களில் வரிவரியான மேடுகளோடு இருக்கும். இங்கிலாந்தில் 1868ஆம் ஆண்டு மருந்தியல் சட்டம் நஞ்சு விற்பனையைக் கட்டுப்படுத்தி, ‘நஞ்சு’ என்று சீட்டு ஒட்டுவதைக் கட்டாயமாக்கியது. ஆனால் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சீட்டைப் படிக்க முடியாது. பலருக்குப் படிக்கவே தெரியாது. ஆகவே கை தொட்டவுடன் எச்சரிக்கும் புட்டி தேவைப்பட்டது. அந்த மேடுகள் விரல்களுக்காக எழுதப்பட்ட எழுத்துகள்.

அமெரிக்க மலக்குழிகளில் ‘மிஸஸ் வின்ஸ்லோஸ் சூதிங் சிரப்’ என்று பொறித்த சிறிய புட்டிகள் கிடைக்கின்றன. பல் முளைக்கும் குழந்தையின் அழுகையை நிறுத்த விற்கப்பட்ட இம்மருந்தில் மார்பின் கலந்திருந்தது. அளவு மீறிய குழந்தைகள் உறங்கியபடியே இறந்தன. 1906ஆம் ஆண்டுத் தூய உணவு மற்றும் மருந்துச் சட்டம் வந்தபிறகுதான் மார்பின் போன்ற பொருள்கள் இருப்பதைச் சீட்டில் சொல்ல வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது.

இங்கிலாந்தில் தட்டையான கண்ணாடிப் பால்புட்டிகள் கிடைக்கின்றன. நீண்ட ரப்பர் குழாயும் காம்பும் இணைக்கப்பட்டதால் குழந்தை தானே படுத்தபடி குடிக்க முடிந்தது. வேலையில் மூழ்கிய தாய்மாருக்கு அது உதவியாகத் தோன்றியது. ஆனால் குழாயின் உட்புறத்தைக் கழுவ முடியாது. அங்கே கிருமிகள் பெருகின. பின்னாளில் இவற்றுக்குக் ‘கொலைப் புட்டி’ என்றே பெயர் வந்தது. பிரான்ஸ் 1910இல் நீள்குழாய்ப் பால்புட்டியைச் சட்டத்தால் தடை செய்தது. பாடநூலில் ‘குழந்தை இறப்பு மிகுதியாக இருந்தது’ என்று ஒரு வரியாக வரும் செய்தி, இங்கே கையில் பிடிக்கும் பொருளாக இருக்கிறது.

காப்பதா, சிதைப்பதா

தொல்லியலாளர் பலர் இப்பொழுதுபோக்கைக் கவலையோடு பார்க்கிறார்கள். அவர்களது வாதம் எளியது. ஒரு புட்டி எந்த அடுக்கில், எவற்றோடு சேர்ந்து கிடந்தது என்பதே அதன் வரலாறு. எந்தக் குடும்பம், எத்தனை மருந்து, எந்த மதுவுக்குப் பக்கத்தில் எந்த உணவின் எலும்பு என்பதெல்லாம் சேர்ந்தால்தான் ஒரு வீட்டின் வாழ்க்கை தெரியும். அழகான புட்டியை எடுத்துக்கொண்டு உடைந்ததை எறிந்துவிட்டால் அந்தத் தொடர்பு அறுந்துபோகும். அதே குழியை இரண்டாம் முறை முதலிலிருந்து தோண்ட முடியாது.

குப்பையின் சாட்சி எவ்வளவு வலிமையானது என்பதை அரிசோனா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ராத்ஜே 1973இல் தொடங்கிய குப்பை ஆய்வு காட்டியது. மக்கள் தாம் குடிப்பதாகச் சொன்ன மதுவின் அளவும் அவர்கள் குப்பையில் கிடந்த புட்டிகளும் டப்பாக்களும் காட்டிய அளவும் ஒத்துப்போகவில்லை.

நம் அருகிலும் சான்று உண்டு. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் 1945இல் அகழ்ந்தபோது, இத்தாலிய முத்திரைப் பானையோடுகளும் மத்தியதரைக்கடல் மதுச்சாடிகளின் உடைசல்களும் கிடைத்தன. அவை கிடந்த அடுக்குகளைக் கொண்டுதான் அவ்விடத்தின் காலம் கணிக்கப்பட்டது. அங்கேயும் நமக்குப் பேசியவை உடைந்த ஓடுகளே. அழகானதை மட்டும் பொறுக்குபவர் கையில் அவை முதலில் அகப்பட்டிருந்தால் எறியப்பட்டிருக்கும்.

சேகரிப்பாளர் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. பல குப்பைமேடுகள் சாலைக்கும் அடுக்குமாடிக்கும் இடையில் இயந்திரங்களால் வாரப்படுகின்றன. எந்தத் தொல்லியல் துறையும் அங்கே வருவதில்லை. அப்போது ஆர்வலர்கள் மீட்டவை மட்டுமே மிஞ்சுகின்றன. பொறுப்புள்ளவர்கள் கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் உடன்கிடந்த பொருள்களையும் குறித்து வைக்கிறார்கள்.

ஆபத்தும் சட்டமும்

ஆழமான குழியின் பக்கச் சுவர் சரிந்து ஆளை மூடிவிடும். உடைந்த கண்ணாடி, துருப்பிடித்த இரும்பு, புட்டிக்குள் மிஞ்சிய நஞ்சு ஆகியவையும் ஆபத்தானவை. மாணவர்கள் தாமாகத் தோண்டுதல் கூடாது.

நில உரிமையாளரின் அனுமதி எந்த நாட்டிலும் முதல் தேவை. அமெரிக்காவில் 1979ஆம் ஆண்டுச் சட்டம், கூட்டரசு நிலங்களில் நூறாண்டு கடந்த தொல்பொருள்களை அனுமதியின்றித் தோண்டி எடுப்பதைத் தடுக்கிறது. இந்தியாவில் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து கிடைத்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் பொதுவாக நூறாண்டு கடந்த கலை, வரலாற்றுப் பொருள்களைப் பாதுகாக்கிறது.

தோண்டாமலும் இத்துறையில் ஈடுபடலாம். பரணில் கிடக்கும் மைப்புட்டி, மருந்துப் புட்டி, சோடாப் புட்டி ஆகியவற்றை எடுத்து அடியையும் அச்சுக்கோட்டையும் எழுத்தையும் பாருங்கள். யார் வாங்கியது, எதற்காக என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு சீட்டில் எழுதி அதனுடன் கட்டி வையுங்கள். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அது வெறும் காலிப் புட்டிதான்.