புல்லும் தூணும்: ஃப்ளோரிடாவில் கட்டட விதிமீறல்கள்

நம் வீட்டுப் புல் எத்தனை அங்குலம் வளரலாம் என்பதை நகராட்சி தீர்மானிக்கிற நாட்டில் வசிக்கிறேன். ஃப்ளோரிடாவின் டனீடன் நகரில் அது 10 அங்குலம். 2018ல் அவ்வூர்க்காரர் ஒருவர் காலமான தாயாரின் சொத்து விவகாரங்களைக் கவனிக்க வெளியூர் போயிருந்தார். புல் வெட்ட ஏற்பாடு செய்திருந்த ஆளும் இடையில் இறந்துபோனதால் புல் வளர்ந்தது. நாளுக்கு 500 டாலர் வீதம் அபராதமும் வளர்ந்து 30,000 டாலரை நெருங்கியது. வழக்குப் போட்டார். 2021ல் கூட்டாட்சி நீதிமன்றம் நகராட்சியின் பக்கமே தீர்ப்பளித்தது.

ஊரிலிருந்து வருபவர்களிடம் சொன்னால் நம்புவதில்லை. ஆனால் எல்லாம் சட்டப்படிதான் நடந்திருக்கிறது.

மாநிலச் சட்டத்தின் 162ஆம் அத்தியாயம் இதற்கு வழி சொல்கிறது. இன்ஸ்பெக்டர் முதலில் நோட்டீஸ் கொடுத்து, சரிசெய்ய நியாயமான அவகாசம் தரவேண்டும். செய்யாவிட்டால் விஷயம் உள்ளூர்க்காரர்களைக் கொண்ட ஒரு வாரியத்துக்கோ ஸ்பெஷல் மாஜிஸ்திரேட்டுக்கோ போகும். நாளுக்கு 250 டாலர் வரை அபராதம் விதிக்கலாம். அதே விதியை 5 ஆண்டுகளுக்குள் மறுபடி மீறினால் 500 டாலர் வரை. அப்போது அவகாசம் தரவேண்டிய கட்டாயமும் இல்லை. டனீடன்காரர் மாட்டிக்கொண்டது இந்த இரண்டாவது வகையில்தான்.

அபராதத்தைக் கட்டாவிட்டால் அது 'லீன்' ஆகப் பதிவாகும். அதாவது வீட்டின் மேல் ஏறிய கடன். அந்த வீட்டோடு நிற்பதில்லை. மீறியவரின் மற்றச் சொத்துகளையும் பற்றிக்கொள்ளும். சொந்தக் குடியிருப்பு என்ற சட்டப் பாதுகாப்புள்ள வீட்டை இதற்காக ஏலம் விட முடியாது. வாடகைக்கு விட்ட இரண்டாவது வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. நம்மவர்கள் பலர் முதலீடாக வாங்கிப் போடுவது அந்த மாதிரி வீடுகளைத்தான். வீடு வாங்குமுன் நகராட்சியிலேயே நிலுவை மீறல்களைத் தேடச் சொல்லுங்கள். பதிவாகாத மீறல்களும் முடிக்கப்படாத பெர்மிட்டுகளும் சாதாரணப் பத்திரத் தேடலில் தெரியாமல் போகலாம்.

என் நண்பர் ஒருவர், சென்னையிலிருந்து ஆறு மாதம் தங்க வரும் பெற்றோருக்காக கராஜை அறையாக மாற்றினார். பெர்மிட் எடுக்கவில்லை. கராஜ் கதவு இருந்த இடத்தில் சுவர் எழும்பினால் தெருவில் போகிற எவருக்கும் தெரியும். யாரோ புகார் கொடுத்தார்கள். பூசிய சுவரை உடைத்து ஒயரிங்கைக் காட்ட வேண்டியதாயிற்று. நண்பருக்கு இன்றும் ஆத்திரம். எனக்கோ உடைத்தபின் தெரிந்த அந்த ஒயரிங்கைப் பார்த்தபோது புகார் கொடுத்தவர் மேல் கோபம் வரவில்லை. இப்படி நோட்டீஸ் வந்தால் உடனே அவர்களைக் கூப்பிட்டுப் பேசுவது நல்லது. சரிசெய்தபின் இன்ஸ்பெக்டரை வரவழைத்து எழுத்தில் வாங்கிவிட வேண்டும். இல்லையேல் கணக்கில் மீறல் தொடர்ந்துகொண்டே இருக்கும்.

பெரும்பாலும் இந்த இயந்திரத்தைக் கிளப்புவது அக்கம்பக்கத்தார் புகார்தான். 2021லிருந்து ஃப்ளோரிடாவில் பெயர், முகவரி தராத புகாரை வைத்து நடவடிக்கை தொடங்க முடியாது. உடனடி ஆபத்து போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. வேலிச் சண்டைக்காரர்களுக்கு இது நல்ல கடிவாளம். ஆனால் கூரை ஒழுகும் வீட்டில் குடியிருந்துகொண்டு வீட்டுக்காரருக்குப் பயப்படுகிறவருக்கும் அதே கடிவாளம்தான். தவிர, குடியிருப்பவர் சம்மதமோ வாரண்டோ இல்லாமல் இன்ஸ்பெக்டர் வீட்டுக்குள் நுழைய முடியாது என்பது 1967லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆக, தெருவிலிருந்து தெரிகிற புல் எளிதில் மாட்டுகிறது.

தெரியாத பக்கம் என்ன ஆகும் என்பதற்கு மயாமிக்கு அருகிலுள்ள சர்ஃப்சைடைப் பார்க்கலாம். அங்கே கடலோரத்தில் நின்ற 12 மாடி சாம்ப்ளைன் டவர்ஸ் சவுத்தின் நீச்சல்குளத் தளத்துக்குக் கீழே கான்கிரீட் பெரிதும் சேதமடைந்திருப்பதாக 2018 அக்டோபரிலேயே ஒரு பொறியாளர் எழுதிக் கொடுத்தார். அறிக்கை ஊராட்சிக்கும் போய்ச் சேர்ந்தது. அடுத்த மாதம் நடந்த கூட்டத்தில் ஊர்க் கட்டட அதிகாரி, கட்டடம் நல்ல நிலையில் இருப்பதாகக் குடியிருந்தோரிடம் சொன்னார் என்கிறது கூட்டக் குறிப்பு. அந்த மாவட்ட விதிப்படி 40ஆம் ஆண்டில்தான் மறுசான்று கட்டாயம். 1981ல் கட்டியதற்கு 2021ல் தவணை. அந்த ஆண்டு ஜூன் 24 அதிகாலையில் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து 98 பேர் இறந்தார்கள்.

டனீடனில் புல்லுக்கு அபராதம் நாள்கணக்கில் ஓடிய அதே 2018ல்தான், அதே மாநிலத்தில், அந்த அறிக்கை எழுதப்பட்டது.

2022ல் சட்டம் மாறியது. மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள அடுக்ககங்களுக்கு 30ஆம் ஆண்டில் கட்டாயப் பரிசோதனை, பிறகு பத்தாண்டுக்கு ஒருமுறை. பழுதுபார்க்கும் செலவு மொத்தமும் குடியிருப்போர் சங்கத்தின் தலையில் விழுகிறது. அதனால் பழைய கடலோர அடுக்ககங்களில் ஓய்வூதியத்தில் வாழ்பவர்கள் பலர் வீட்டை விற்கப் பார்க்கிறார்கள். மலிவாக வருகிறதே என்று நம்மவர்கள் விசாரிக்கிறார்கள்.